கேன்வாஸ் தையல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

நீடில்பாயின்ட் (கண்கண்ணாக நெய்த விறைப்பான கேன்வாஸைத் தையல்களால் நிரப்பும் கைவேலை) வகுப்பில் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் வரும். ஊசி எந்தக் கண்ணில் ஏறி எந்தக் கண்ணில் இறங்க வேண்டும் என்று ஆசிரியர் விரல் வைத்துக் காட்டுவார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்து நாமும் தைத்துவிடுவோம். இரண்டு நாள் கழித்து வீட்டில் தனியாக எடுத்து உட்காரும்போதுதான் கேன்வாஸ் கோணும், நூல் பஞ்சாகும், வழவழப்பாக இருக்க வேண்டிய பரப்பின் நடுவே ஒரு கோடு முளைக்கும். ஏன் என்று கேட்க ஆள் இருக்காது.

பல வருடங்கள் இப்படிப்பட்ட வகுப்புகளில் கற்றுக்கொண்டு, இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன். திரும்பத் திரும்ப என் கைக்கு வரும் கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வேலையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்று. எந்தக் கோளாறாக இருந்தாலும் வேலையைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள். முன்பக்கம் ஒரே மாதிரி தெரியும் இரண்டு தையல்கள் பின்பக்கம் முற்றிலும் வேறாக இருக்கும். கேன்வாஸ் தையலில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அங்கேதான் கிடைக்கிறது. வகுப்பில் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். நான் வாங்கியதும் திருப்பிவிடுவேன்.

சதுரமாகத் தொடங்கிய கேன்வாஸ் சாய்ந்து கோணிவிட்டது

அதிகம் பேர் கலங்கிப்போவது இதற்குத்தான். வேலையை மேசையில் வைத்தால் நான்கு மூலைகளும் நேராக நிற்காது. யாரோ இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்ததுபோல் இருக்கும்.

பின்பக்கத்தைப் பாருங்கள். டென்ட் தையல் என்று நாம் சொல்லும் அடிப்படைத் தையல், கேன்வாஸின் ஓர் இழைச் சந்திப்பின் மேல் இடது கீழிலிருந்து வலது மேலாகச் சாய்ந்து விழுவது. இதைத் தைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. பின்பக்கம் சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகளாக இருந்தால் நீங்கள் தைத்தது ஹாஃப் கிராஸ். நீளமான சாய்ந்த கோடுகளாக, முன்பக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தால் கான்டினென்டல். கூடை முடைந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால் பாஸ்கெட்வீவ்.

கோணியிருக்கும் வேலையில் பத்துக்கு எட்டு முறை நான் பார்ப்பது கான்டினென்டல். அதன் முன்பக்க நூல் ஒரு சாய்வில் இழுக்கிறது, பின்பக்க நூலும் அதே பக்கமாகச் சாய்ந்து இன்னும் நீளமாக இழுக்கிறது. ஆயிரக்கணக்கான தையல்கள் ஒரே பக்கம் இழுத்தால் கேன்வாஸ் என்ன செய்யும்? சாயத்தான் செய்யும். பாஸ்கெட்வீவில் ஒரு வரிசையின் பின்நூல் கிடையாகவும் அடுத்த வரிசையின் பின்நூல் செங்குத்தாகவும் போவதால் இழுவைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் வகுப்புகளில் பெரிய பரப்புக்கு பாஸ்கெட்வீவையும், ஒற்றை வரிக் கோடுகளுக்கும் எழுத்துகளுக்கும் கான்டினென்டலையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை வெறும் விதியாகக் கேட்டுக்கொண்டால் மறந்துவிடும். பின்பக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டால் மறக்காது.

பாஸ்கெட்வீவ் தைத்தும் கோணுகிறது என்றால் கை இறுக்கம் காரணம். கையிலேயே பிடித்துக்கொண்டு ஊசியை ஒரே அசைவில் உள்ளே விட்டு வெளியே எடுப்பவர்களுக்கு இது அதிகம் வரும். சட்டத்தில் கேன்வாஸை இழுத்துப் பொருத்திவிட்டு, மேலிருந்து குத்திக் கீழே இழுத்து, கீழிருந்து குத்தி மேலே இழுக்கப் பழகுங்கள். முதல் வாரம் மெதுவாகத்தான் போகும். அப்புறம் ஒரு கை மேலும் ஒரு கை கீழும் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். நூலை இழுக்கும்போது அது கேன்வாஸின் மேல் படுத்தவுடன் நிறுத்த வேண்டும். கேன்வாஸ் இழை சற்றும் அசையக் கூடாது.

சாய்கோடுகளால் சின்னச் சதுரக் கட்டங்களாக நிரப்பும் ஸ்காட்ச் தையலில் ஒவ்வொரு கட்டமும் ஒரே பக்கம் சாய்ந்தால் இதே தொல்லை வரும். வடிவம் இடம் கொடுத்தால் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தை எதிர்ச்சாய்வில் தையுங்கள். இழுவை சமமாகும், ஒளியும் மாறி மாறி விழுந்து அழகாக இருக்கும்.

ஏற்கெனவே கோணிப்போன வேலையை என்ன செய்வது? பிரிக்க வேண்டாம். கேன்வாஸில் கஞ்சிப் பசை இருக்கிறது. ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் மறுபடி விறைக்கும். அந்தக் குணத்தை வைத்துத்தான் நிமிர்த்துகிறோம். துணி போர்த்திய ஒரு பலகையில் பென்சிலால் சரியான செங்கோணச் சதுரம் வரைந்துகொள்ளுங்கள். வேலையை ஈரத் துண்டில் சுற்றிவைத்தோ நீர் தெளித்தோ லேசாக ஈரமாக்குங்கள். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். கோணிய பக்கத்துக்கு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஊசி குத்தி, பிறகு மூலைகளை நோக்கி ஓர் அங்குலத்துக்கு ஒன்றுக்குக் குறையாமல் குத்திக்கொண்டே போங்கள். துருப்பிடிக்காத ஊசிகள்தான் வேண்டும். வெயிலும் அனலும் இல்லாத இடத்தில் படுக்கை நிலையில் குறைந்தது ஒரு முழு நாள் காயட்டும். கம்பளி தடிமனாக இருந்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஈரம் இருக்கும்போதே எடுத்தால் பழையபடி சாய்ந்துவிடும். மிகவும் கோணிய வேலைக்கு இரண்டு முறை செய்ய வேண்டிவரலாம், பொறுமையாகச் செய்யுங்கள். நனைக்கும் முன் கடைசித் தலைப்பைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

பாஸ்கெட்வீவ் பரப்பில் மெல்லிய வரப்புபோல் ஒரு சாய்ந்த கோடு

நேரே பார்த்தால் தெரியாது, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பளிச்சென்று தெரியும். இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்.

முதல் காரணம்: அடுத்தடுத்த இரண்டு வரிசைகளை ஒரே திசையில் தைத்திருக்கிறீர்கள். பாஸ்கெட்வீவைச் சாய்வரிசைகளாகத் தைக்கிறோம். ஒரு வரிசை மேலேறினால் அடுத்தது கீழிறங்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டு மறுநாள் எடுக்கும்போது எந்தத் திசையில் வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. பின்பக்கத்தைத் திருப்பினால் முடைச்சல் அந்த இடத்தில் மட்டும் அறுந்து, இரண்டு கிடை வரிசைகளோ இரண்டு செங்குத்து வரிசைகளோ பக்கம் பக்கமாக நிற்கும். இதற்கு வகுப்பில் சொல்லித்தரும் வழக்கம் மிக நல்லது. வரிசையின் முடிவில் நிறுத்தாதீர்கள். எப்போதும் நடுவில் நிறுத்துங்கள். பாதி வரிசையே அடுத்த நாள் உங்களுக்குத் திசை சொல்லும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் ஒரு வருடம் தைத்த பிறகும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒற்றை இழைக் கேன்வாஸை உற்றுப் பாருங்கள். ஒரு சந்திப்பில் செங்குத்து இழை மேலே இருக்கும், பக்கத்துச் சந்திப்பில் கிடை இழை மேலே இருக்கும். பாவும் ஊடையும் மாறி மாறிப் போகும் சாதாரண நெசவுதான். ஆனால் சாய்கோட்டில் பார்த்தால் ஒரு சாய்வரிசை முழுக்கச் செங்குத்து இழைகளே மேலே, அடுத்த சாய்வரிசை முழுக்கக் கிடை இழைகளே மேலே என்று அமைந்திருக்கும். செங்குத்து இழையைக் கம்பமாகவும் கிடை இழையைப் படியாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் சறுக்கி இறங்குவோம், படியில் ஏறுவோம். செங்குத்து இழை மேலே இருக்கும் வரிசையில் கீழிறங்கித் தையுங்கள், அப்போது ஊசி பின்னால் செங்குத்தாக நிற்கும். கிடை இழை மேலே இருக்கும் வரிசையில் மேலேறித் தையுங்கள், அப்போது ஊசி கிடையாகப் படுக்கும்.

இப்படி நெசவைக் கேட்டுத் தைத்தால் தையல்கள் ஒரே அளவில் உட்காரும். இன்னொரு பெரிய பலனும் உண்டு. பூவின் இந்தப் பக்கம் ஒரு பின்னணி, அந்தப் பக்கம் ஒரு பின்னணி என்று தனித்தனியாகத் தைத்துவந்து நடுவில் சேர்த்தாலும் சேரும் இடம் தெரியாது. திசையை முடிவுசெய்தது நெசவு. நம் நினைவை நம்ப வேண்டியதில்லை. ஆசிரியர் எனக்கு இதைக் காட்டிய அன்று நான் தைத்துவைத்திருந்த ஒரு மெத்தை உறையின் பின்னணி முழுவதையும் மறுபடி ஆராய்ந்தேன். வரப்பு இருந்த ஒவ்வோர் இடத்திலும் விதி பிசகியிருந்தது. அவ்வளவு துல்லியமான விதி இது.

ஏற்கெனவே வரப்பு வந்துவிட்டால்? ஓரிரு வரிசைதான் தாண்டியிருக்கிறீர்கள் என்றால் பிரித்துவிடுங்கள். பாதி வேலை தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நனைத்து நிமிர்த்தும்போது ஓரளவு அடங்கும்.

தையல்களுக்கு நடுவே வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்க்கிறது

நூல் கேன்வாஸுக்கு மெலிது. கேன்வாஸை அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணித்தான் அழைக்கிறோம்: 10, 13, 18 ஆகியவை வகுப்புகளில் அடிக்கடி வரும். எண் கூடினால் கண் சிறிதாகும். மூன்று புரியாகப் பிரியும் பெர்ஷியன் கம்பளியை டென்ட் தையலுக்குப் பயன்படுத்தினால் 18 கண்ணுக்கு ஒரு புரி, 13 கண்ணுக்கு இரண்டு புரி, 10 கண்ணுக்கு மூன்று புரி என்று தொடங்கலாம். பேர்ல் காட்டன் என்னும் முறுக்கிய பளபளப்பான பருத்தி நூலில் 5ஆம் எண் 18 கண்ணுக்கும், அதைவிடத் தடித்த 3ஆம் எண் 13 கண்ணுக்கும் பொருந்தும். இதெல்லாம் தொடக்கக் கணக்குதான். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஓரத்தில் ஓர் அங்குலச் சதுரம் தைத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

சாய்ந்த தையல் நன்றாக மூடுகிறது, நேர்த்தையல் மட்டும் இடைவெளி விடுகிறது என்றால் அதுவும் இயல்பே. நேர்த்தையல் இரண்டு இழைகளுக்கு நடுவே நிமிர்ந்து படுப்பதால் பக்கத்துக் கேன்வாஸ் இழை மறையாது. பார்ஜெல்லோ, கோபலின் போன்ற நேர்த்தையல் வகைகளுக்கு அதே கேன்வாஸில் ஒரு புரி கூடுதலாக எடுங்கள்.

சில இடங்களில் மூடி, சில இடங்களில் மூடாமல் இருந்தால் நூல் முறுக்கேறியிருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் விரல்கள் ஊசியைச் சிறிது உருட்டுகின்றன, நூல் முறுகி மெல்லிய கயிறாகிறது. நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைக் கேன்வாஸுக்குக் கீழே தொங்கவிடுங்கள், தானாகச் சுழன்று பிரிந்துவிடும். ஆறு புரி காட்டன் நூலாக இருந்தால் கோர்ப்பதற்கு முன் ஒவ்வொரு புரியாகத் தனியே உருவி, மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல் அப்படியே கோர்த்த நூலும் பிரித்துச் சேர்த்த நூலும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒரே துணியில் பக்கம் பக்கமாகத் தைத்துப் பாருங்கள், பிறகு அந்த வேலையைத் தவிர்க்க மனம் வராது. பட்டிலும் காட்டனிலும் நீளமான தையல் போடும்போது இன்னொரு தடித்த ஊசியை மறு கையில் வைத்து, நூல் படியும் கணத்தில் புரிகளின் அடியில் கொடுத்து வருடிவிட்டால் எல்லாப் புரிகளும் நாடாபோல் பக்கம் பக்கமாகப் படுக்கும்.

கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறப் பகுதியில் நூல் எவ்வளவு தடித்தாலும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தைக்கும் முன் அந்தப் பகுதிக் கேன்வாஸுக்கு நூலின் நிறத்திலேயே அக்ரிலிக் வண்ணத்தை மெலிதாகப் பூசிக் காயவையுங்கள். கண் அடைபடக் கூடாது.

நூல் பாதியில் மெலிகிறது, பஞ்சுபஞ்சாகிறது, அறுகிறது

நூலின் நீளத்தை அளந்து பாருங்கள். அடிக்கடி கோர்க்கும் சிரமத்துக்காக ஒரு முழு கை நீளத்துக்கு மேல் வெட்டுபவர்கள் அதிகம். கம்பளியும் காட்டனும் 18 அங்குலம் போதும். உலோக மினுக்கு நூல் 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தையலிலும் நூல் முழுவதும் கண்ணின் ஓரத்தில் உரசிக்கொண்டு போகிறது. நீளம் கூடக்கூடக் கடைசி அங்குலம் தாங்கும் உரசலும் கூடுகிறது.

அடுத்து ஊசி. இதற்கு முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசிதான். இதிலும் எண் கூடினால் ஊசி மெலியும். 10 கண்ணுக்கு 18ஆம் எண், 13 கண்ணுக்கு 20, 18 கண்ணுக்கு 22. சரிபார்க்க ஓர் எளிய சோதனை: ஊசியை ஒரு கண்ணில் விடுங்கள். தானாக நழுவி விழுந்தால் மெலிது. அப்படியானால் நூல்தான் கண்ணை அகட்டிக்கொண்டு போகிறது, அதனால்தான் பஞ்சாகிறது. இழைகளைத் தள்ளிக்கொண்டு இறங்கினால் தடிமன். லேசாகத் தொட்டு, தடையில்லாமல் போக வேண்டும்.

ஊசிக் காதில் ஒரே இடத்தில் நூல் நின்றால் அங்கேயே அறும், அவ்வப்போது சிறிது நகர்த்திக்கொள்ளுங்கள். கம்பளியை விரல்களுக்கு இடையே இருபக்கமும் உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பாகப் போகும் திசையில் கண்ணுக்குள் நுழையும்படி கோர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கேன்வாஸின் ஓரம் அரம்போல் இருக்கும், அதில் மாட்டியும் நூல் பிய்யும். வேலையைச் சுற்றி இரண்டு அங்குலமாவது விட்டு, ஓரத்துக்கு டேப் ஒட்டிவிடுங்கள்.

சில தையல்கள் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன

வேலையைக் கால்வட்டம் திருப்பிவைத்துத் தைத்திருக்கிறீர்கள். கான்டினென்டலில் வரிசை முடிவில் திருப்ப வேண்டுமென்றால் தலைகீழாக, அதாவது அரைவட்டம் மட்டும் திருப்பலாம். மேல் ஓர டேப்பில் ‘மேல்’ என்று எழுதிவைத்தால் இந்தப் பிழை வராது. வந்த தையல்களைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், அது எப்போதும் கண்ணை உறுத்தும்.

தையல் இழைகளுக்கு நடுவே நழுவி மறைகிறது

ஒற்றை இழைக் கேன்வாஸில் ஹாஃப் கிராஸ் தைத்தால் இப்படி ஆகும். அந்த நெசவில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா கிடக்கின்றன, பின்பக்கம் தாங்கும் நூலும் குறைவு. ஹாஃப் கிராஸ் நூலை மிச்சப்படுத்தும் தையல்தான், ஆனால் சந்திப்புகள் பூட்டப்பட்ட இன்டர்லாக் கேன்வாஸுக்கோ இரட்டை இழை பெனலோப் கேன்வாஸுக்கோ உரியது. எந்தக் கேன்வாஸ் உங்கள் கையில் இருக்கிறது என்று வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பக்கம் சிறு புடைப்பு, அல்லது வெளிர்நிறப் பகுதியில் கறுப்பு நிழல்

நூலின் தொடக்கமும் முடிவும் செய்த வேலை இது. பின்பக்கத்தில் நிரந்தர முடிச்சு போடக் கூடாது. முடிச்சை முன்பக்கத்தில் போட்டு, தைக்கப்போகும் பாதையில் ஓர் அங்குலம் தள்ளி உள்ளே இறக்குங்கள். தைத்துக்கொண்டு வரும்போது பின்னால் இருக்கும் நூல் தையல்களில் சிக்கிக்கொள்ளும். முடிச்சை நெருங்கியதும் அதை வெட்டி எறிந்துவிடலாம். முடிக்கும்போது பின்பக்கத் தையல்களுக்கு அடியில் ஓர் அங்குலம் ஓட்டி, ஒட்ட வெட்டுங்கள். பாஸ்கெட்வீவில் சாய்வாக ஓட்டினால் மேலே வரப்பு தெரியும், கிடையாகவோ செங்குத்தாகவோ ஓட்டுங்கள். எல்லா முனைகளையும் ஒரே கோட்டில் முடிக்க வேண்டாம்.

அடர்நிற நூலை வெளிர்நிறத் தையல்களுக்கு அடியில் ஓட்டவே கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பின்னால் தாவவும் கூடாது. நூலை மிச்சப்படுத்துவதைவிட முடித்துவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது.

பார்ஜெல்லோ அலை மறுமுனையில் சேரவில்லை

பார்ஜெல்லோ என்ற பெயர், ஃப்ளாரன்ஸ் நகரத்தின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ள நாற்காலிகளில் இந்தச் சுடர்போன்ற அலைத்தையல் இருப்பதால் வந்தது. நேர்த்தையல்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கி வரும் அலைகள். பார்க்கக் கடினமாகத் தெரியும், உண்மையில் முதல் வரி மட்டுமே கடினம். அதன்பின் வரும் ஒவ்வொரு வரியும் முதல் வரியை அப்படியே பின்தொடரும். அதனால்தான் முதல் வரியில் ஒரு பிழை இருந்தால் அது கடைசிவரை கூடவே வரும்.

இங்கே நடக்கும் பிழைக்கு நான் கண்ட காரணம் ஒன்றே: கண்ணை எண்ணுவதா, இழையை எண்ணுவதா என்ற குழப்பம். ‘நான்கின் மேல் தையுங்கள்’ என்று ஆசிரியர் சொன்னால் நான்கு இழைகளைத் தாண்ட வேண்டும் என்று பொருள். புதியவர்கள் நான்கு கண்களை எண்ணுகிறார்கள். தொடங்கிய கண்ணையும் சேர்த்து எண்ணினால் மூன்று இழைதான் தாண்டியிருப்பார்கள். எப்போதும் இழையை எண்ணுங்கள். நான்கு இழைத் தையல், அடுத்தது இரண்டு இழை உயரம் ஏறித் தொடங்கும் என்பது மிகப் பழக்கமான கணக்கு.

வரைபடமும் இதே குழப்பத்தைக் கூட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் அச்சாகி ஐரோப்பா முழுவதும் பரவிய கம்பளித்தையல் வரைபடங்களில் வண்ணமடித்த ஒவ்வொரு சதுரமும் ஒரு தையல். இன்றும் டென்ட் தையல் வரைபடங்கள் அப்படித்தான். ஆனால் பார்ஜெல்லோவுக்கும் அலங்காரத் தையல்களுக்கும் தரும் கோட்டு வரைபடங்களில் பெரும்பாலும் கோடுகள்தான் கேன்வாஸ் இழைகள், கோடுகளுக்கு இடைப்பட்ட வெளிகள் கண்கள். ஒரே வகுப்பில் இரண்டு வகைத் தாளும் கையில் வந்தால், எதில் எது இழை என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

முதல் வரியை நடுவிலிருந்து இரு பக்கமும் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் அலையின் உச்சி நடுவில் விழாது. ஒரு பக்கம் முடித்ததும் உச்சிகளையும் பள்ளங்களையும் எண்ணிச் சரிபார்க்காமல் இரண்டாம் வரிக்குப் போகவேண்டாம். பிழை எங்கே என்று தெரியாவிட்டால், வேலையைக் கைநீளத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். அலை தடுக்கி விழும் இடம் தெரியும். அங்கேயிருந்து பிரியுங்கள், மேலே ஒட்டுப்போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அலங்காரத் தையல் ஓரத்தில் வந்து முட்டி நிற்கிறது

ஸ்காட்ச் தையல் மூன்றுக்கு மூன்று சந்திப்புச் சதுரத்தில் 1, 2, 3, 2, 1 என்று ஐந்து சாய்கோடுகள். மொசைக் அதன் தங்கை: இரண்டுக்கு இரண்டில் 1, 2, 1. சதுரமான பயிற்சித் துணியில் அழகாக வரும். வீட்டில் ஓர் இலைக்குள் நிரப்ப முயலும்போது வளைவான ஓரத்தில் முழுத் தையலுக்கு இடமிருக்காது. இங்கேதான் பலர் இருக்கும் இடத்துக்கு ஏதோ ஒன்றைத் தைத்துவிட்டு, ஏன் அசிங்கமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

இதை ஈடுசெய் தையல் என்று சொல்லலாம். வடிவம் ஓரத்துக்கு அப்பாலும் தொடர்கிறது, ஓரம் அதைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் வெட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கு உள்ளே விழும் பாகத்தை மட்டும் தையுங்கள். மூன்றின் மேல் போக வேண்டிய கோட்டுக்கு இரண்டே சந்திப்பு உள்ளே இருந்தால் இரண்டின் மேல் முடியுங்கள். கண் இன்னும் பழகவில்லை என்றால் கட்டத்தாளில் வடிவத்தை முழுவதும் வரைந்து, அதன்மேல் இலையின் எல்லையை வரைந்து பாருங்கள். தொடக்கம் எப்போதும் பரப்பின் அகலமான நடுப்பகுதியில் ஒரு முழுத் தையலோடு இருக்கட்டும். வடிவம் அங்கே நிலைபெற்ற பிறகுதான் ஓரத்துக்குப் போக வேண்டும். நான் சொல்வேன், ஒருவர் கேன்வாஸ் தையலைக் கற்றுவிட்டாரா என்பதை ஓரத்தில்தான் பார்க்கலாம். ஒரு முழு வகுப்பை இதற்கென்றே ஒதுக்கினாலும் தகும்.

வகுப்பில் கை வந்தது, வீட்டில் வரவில்லை

இதுவும் ஒரு கோளாறுதான், இதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு நாள் வகுப்பில் ஆறு ஏழு தையல்கள் காட்டுகிறார்கள். கை ஒவ்வொன்றையும் பத்து முறை செய்கிறது, ஆனால் அந்தப் பத்தும் ஆசிரியரின் கண் பார்வையில் நடந்தவை. 1872இல் தொடங்கி இன்று ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் இயங்கும் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க்கின் சான்றிதழ்ப் படிப்பில் கேன்வாஸ் வேலை தனியொரு பாடமாகவே இருக்கிறது. அவ்வளவு விரிந்த விஷயம் ஒரே நாளில் தங்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

வகுப்புக்குப் போகும்போது அதே கண் எண்ணிக்கையில் ஒரு தனித் துண்டுக் கேன்வாஸ் எடுத்துப்போங்கள். கொடுக்கும் படத்தில் நேரே தைக்காமல், ஒவ்வொரு தையலையும் அந்தத் துண்டில் ஒரு சின்னச் சதுரமாகத் தைத்து, பக்கத்தில் பெயரை எழுதுங்கள். ஒரு சதுரத்தையாவது பாதியில், ஊசி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரியும்படி நிறுத்திவையுங்கள். பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே, தூங்கும் முன், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையாக அத்தனையையும் ஒருமுறை தனியாகத் தைத்துவிடுங்கள். எங்கே கை நிற்கிறதோ அதுதான் அடுத்த வகுப்பில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ‘எனக்கு வரவில்லை’ என்று கேட்பதைவிட ‘இறங்கும் வரிசையின் கடைசித் தையலிலிருந்து ஏறும் வரிசைக்கு எப்படித் திரும்புவது’ என்று கேட்டால் ஆசிரியரும் அரை நிமிடத்தில் காட்டிவிடுவார்.

இடது கைக்காரர்கள் வலது கை வரைபடத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிவைத்துத் தையுங்கள். வலது மேல் மூலையில் தொடங்குவது இடது கீழ் மூலையில் தொடங்குவதாக மாறும், தையலின் சாய்வு மாறாது. கண்ணாடிப் பிம்பமாக மாற்றிக்கொண்டால் சாய்வும் மாறிவிடும், கவனம். ஒரு வகுப்பில் இதைச் சொல்லாமலே விட்டுவிட்டதால் ஒரு பெண் நாள் முழுவதும் தனக்குத்தான் புரியவில்லை என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தாளைத் திருப்பிவைத்ததும் இரண்டு நிமிடத்தில் கை ஓடத் தொடங்கியது.

தோளும் மணிக்கட்டும் வலித்தால் சட்டத்தை மேசை விளிம்பில் சாய்த்து எடையை அதற்குக் கொடுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்.

பிரிக்கும்போது கேன்வாஸ் இழையே வெட்டுப்பட்டுவிட்டது

கை நடுங்கிவிடும், ஆனால் வேலை பாழாகவில்லை. அதே கண் எண்ணிக்கையுள்ள கேன்வாஸில், வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி நான்கைந்து கண் கூடுதலாக வரும்படி ஒரு சின்னத் துண்டு வெட்டுங்கள். பின்பக்கத்தில் வைத்து, கண்ணோடு கண், இழையோடு இழை பொருந்தும்படி சரிசெய்து, சாதா நூலால் தற்காலிகமாக இணைத்துவிட்டு, இரண்டு கேன்வாஸையும் சேர்த்து ஒன்றாகத் தையுங்கள். முடிந்த பின் இடம் தெரியாது.

இனி பிரிக்கும்போது கூர்மையான சிறு கத்தரியின் ஒரு நுனியைத் தையலுக்கு அடியில் விட்டு, மேல்நோக்கித் தூக்கியபடி இரண்டு மூன்று தையலாக வெட்டுங்கள். வெட்டிய துணுக்குகளைப் பின்பக்கத்திலிருந்து இடுக்கியால் எடுங்கள். பிரித்த கம்பளியை மறுபடி பயன்படுத்த வேண்டாம், மெலிந்திருக்கும்.

நனைத்ததும் சாயம் ஓடிவிட்டது

சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஓடும். கேன்வாஸில் கோடு வரைந்த பேனா மையும் ஓடலாம். நனைக்கும் முன், ஒவ்வொரு நிறத்தின் ஒரு துண்டு நூலையும் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கோடு வரைவதற்குமுன் பேனாவையும் ஓரத் துண்டில் வரைந்து காயவைத்து ஈரத்துணியால் தேய்த்துச் சோதியுங்கள். அழியாத மை என்று மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓடத் தொடங்கிவிட்டால் காயவிடக் கூடாது, காய்ந்த கறை பிடித்துக்கொள்ளும். ஏராளமான குளிர்ந்த நீரில், கசக்காமல், நீரில் நிறம் வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிறகு வெள்ளைத் துண்டில் ஒற்றி, பலகையில் ஊசி குத்திக் காயவையுங்கள். கஞ்சி கரைந்து கேன்வாஸ் தொய்ந்திருந்தால் சதுரம் சரியாக இருக்கும் நிலையில் பின்பக்கத்தில் மெலிதாகக் கஞ்சி தடவி உலர விடுங்கள். பட்டும் உலோக நூலும் கலந்த வேலை என்றால் நனைக்கவே வேண்டாம். அவற்றைத் தொடக்கத்திலிருந்தே சட்டத்தில் இறுக்கமாகக் கட்டித் தைத்து முடித்துவிடுங்கள்.